அக்காவுக்காக ஜெர்மனியில் வளர்ந்த கிட்னி

1

சாவிக்கொத்தை மேற்பார்வையாளரின் மேசையில் வைத்துவிட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். நான் கூட்டித் துடைத்த கண்ணாடிக் கட்டடம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வெலிமடையில் லீக்ஸ் மூட்டை ஏற்றிய கடையை விட்டபோதும், பதுளையில் பேக்கரியை விட்டபோதும், கொழும்பில் இரும்புக் கடையை விட்டபோதும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. ட்ராம் நிறுத்தம் வரை பாதையோரத்தில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. என் கோட்டுப் பையில் ஒரு பிலிம் டப்பா இருந்தது. அதற்குள் என் அக்காவின் நகத்துண்டுகள், கொஞ்சம் முடி, ரத்தம் தொட்டுக் காய்ந்த ஒரு பஞ்சு.

இலங்கையில் லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த டப்பா ஏன் ஜெர்மனிக்கு வந்தது என்று சொன்னால்தான், நான் ஏன் வேலையை விட்டு நடந்தேன் என்பது விளங்கும்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். போன வாரம் கணினியில் ஒரு செய்தியைக் காட்டினாள். மனித உறுப்புகளை மெசினில் அச்சடித்து எடுக்கும் காலம் வரப்போகிறதாம். படத்தில் ஒருவர் கையுறை போட்ட கையில் இளஞ்சிவப்பாக, பெரிய அவரை விதை மாதிரி ஒன்றை ஏந்திக்கொண்டிருந்தார். "நீங்க துடைச்ச மெசின் இதுதானே?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். நான் தமிழில் ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது, கேள்வி ஒரு மொழியில், பதில் இன்னொன்றில். எப்போது கைக்கு வருமாம் என்று கேட்டேன். இன்னும் பத்து வருடம் என்று போட்டிருப்பதாகச் சொன்னாள். நான் அந்தக் கட்டடத்தில் வேலை செய்த நாட்களிலும் பத்து வருடம் என்றுதான் சொன்னார்கள்.

2

பள்ளிக்கூடம் எனக்கு ஏழாம் வகுப்போடு முடிந்தது. முடித்து வைத்தது நான்தான், யாரும் நிறுத்தவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது அக்கா பார்வதி. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் பேர் கொடுத்து, கூடையோடு மலையேறி, சாயங்காலம் திரும்பி எனக்குச் சோறு வைப்பாள். நான் வீட்டைவிட்டு ஓடும்போதெல்லாம் திட்டமாட்டாள். திரும்பி வந்ததும் கை கால்களைத் திருப்பிப் பார்ப்பாள், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று. மூட்டை தூக்கித் தோள் தோலுரிந்து வந்த ஒரு தடவை மட்டும், நீ விழுந்து கிடந்தால் எனக்குச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஏஜன்ட் மூலம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். அகதி விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பேசப் பேச அவர் முகம் சுருங்கியது. இவன் தமிழ் இலங்கைத் தமிழ் இல்லை, இந்தியத் தமிழ் மாதிரி இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று சொன்னேன். அது எடுபடவில்லை. அப்புறம் மொழிபெயர்ப்பாளர் தானாகவே ஒரு கேள்வி கேட்டார், பதுளை ஸ்டேஷனில் ரயிலை எப்படித் திருப்புவார்கள் என்று.

"எங்கங்க திருப்புறது, பாத அங்கயே முடியுதே. எஞ்சினக் கழட்டி மத்தப் பக்கம் மாட்டுவாங்க."

அவருடைய தகப்பனார் பதுளை அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவராம். சின்ன வயதில் இவர் அந்த எஞ்சினைப் பார்க்கவே ஸ்டேஷனுக்குப் போவாராம். இவன் அந்த ஊர்க்காரன்தான் என்று அதிகாரியிடம் அழுத்திச் சொன்னார். அப்படியும் தற்காலிகத் தாளை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இழுபட்டேன். பிறகு கல்யாணம் ஆயிற்று. மனைவி யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரி. அவள் 'வாறன்' என்பாள், நான் 'வர்றேன்' என்பேன். மகள் இப்போது இரண்டையும் விட்டுவிட்டாள்.

3

துப்புரவுக் கம்பெனி என்னை அனுப்பிய இடங்களில் அந்த ஆராய்ச்சிக் கட்டடம்தான் சுத்தமானது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று முதலில் எனக்குத் தெரியாது. ஒரு அறையில் ஆபீஸ்களில் கடதாசி அடிக்கிற சாதாரணப் பிரிண்டர் ஒன்று மேல்மூடி கழற்றப்பட்டு, வயர்கள் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தது. பழசைத் தூக்கிப் போட வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை வைத்தேன். மார்டின் என்ற ஆராய்ச்சியாளர் ஓடி வந்து தடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பழக்கம்.

ஜெர்மன் மொழியில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' உண்டு. எனக்கு அது நாக்கில் ஏறவே இல்லை. வயதான பேராசிரியரைக்கூட 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அதனாலோ என்னவோ மார்டின் என்னோடு தாராளமாகப் பேசினார். மை இருக்க வேண்டிய டப்பாவில் உயிரணுக்களைக் கூழில் கலந்து ஊற்றியிருக்கிறது, மெசின் அதைப் புள்ளி புள்ளியாக, படை படையாக வைத்துக்கொண்டு போகும் என்று காட்டினார். கண்ணாடித் தட்டில் இளஞ்சிவப்பு வளையம் ஒன்று இருந்தது. அது உயிரோடு இருப்பதாகச் சொன்னார். எனக்கு ஜெலி மாதிரித்தான் தெரிந்தது.

அந்த நாட்களில்தான் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று தகவல் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் லுணுகலையிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போய், மெசினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். பேசியது அவள் புருஷன் ஆறுமுகம் மச்சான், லுணுகலை டவுனில் காசுக்குப் போன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து. ஆறுதலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அன்றைக்குப் பார்த்ததைச் சொன்னேன். இங்கே ஒரு ஆளின் உடம்பிலிருந்தே துளி எடுத்து, அதை வளர்த்து, உறுப்பு செய்யப் பார்க்கிறார்கள் என்று.

மச்சான் தோட்டத்து நர்சரியின் கங்காணி. தேயிலைக் கன்று உண்டாக்குவது அவர் தொழில். நல்ல தாய்ச்செடியின் கிளையை வெட்டி, ஒரு இலையும் ஒரு கணுவுமாகத் துண்டு போட்டு, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் குத்தி நிழலில் வைப்பார்கள். கொஞ்ச நாளில் வேர் விடும். வருடம் திரும்பும்போது மலையில் நடலாம். தாய் எப்படியோ பிள்ளையும் அச்சு அப்படியே வரும். அவருக்கு நான் சொன்னது உடனே விளங்கிவிட்டது.

"நம்ம கன்னு வைக்கிற மாதிரித்தான, மாப்ள?"

என் போன் கார்டில் பணம் முடிகிற சத்தம் கேட்டது. "கிட்டத்தட்ட அப்பிடித்தான் மச்சான்" என்றேன். லைன் அறுந்தது.

4

அடுத்த தடவை பேசும்போது, வேர் விட்டதா என்று கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த தடவை, ஜெர்மனியில் குளிராயிற்றே, துண்டுக்கு எப்படிச் சூடு காட்டுகிறார்கள் என்று விசாரித்தார். கண்ணாடிப் பெட்டியில் உடம்புச் சூட்டிலேயே வைப்பார்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் அவருடைய மனதில் அந்தப் பெட்டிக்குள் வளர்வது அக்காவுக்கான சிறுநீரகம் என்றே ஆகிவிட்டது எனக்குத் தெரியாது.

பிறகுதான் பார்சல் வந்தது. பண்டாரவளையிலிருந்து ஜெர்மனிக்கு உறவைப் பார்க்க வந்த ஒருவர் கையில் ஒரு பொட்டலம் தேயிலைத்தூளும் அந்தப் பிலிம் டப்பாவும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். என்னவென்று விளங்காமல் போன் போட்டேன். தாய்ச்செடியிலிருந்து ஒன்றும் எடுக்காமல் எப்படிக் கன்று வைப்பார்கள் என்று யோசித்ததாகவும், எது பிடிக்கும் என்று தெரியாததால் மூன்றும் வைத்ததாகவும் மச்சான் சொன்னார். சொந்தக்காரர்கள் யாராவது சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று பதுளையில் டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். தேவையில்லை சார், எங்க மாப்பிள்ளை ஜெர்மனியில் வளர்க்கிறார் என்று மச்சான் பதில் சொல்லி வருகிறாராம். மச்சானுடைய ரத்தம் அக்காவுக்குச் சேராது. பிள்ளைகள் கிடையாது. பாக்கி இருந்த ஒரே ஆள் நான்.

மறுநாள் டப்பாவை மார்டினிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சாமான் உடைந்துவிடும் என்பதுபோல மெதுவாக மூடினார். பிறகு என்னை உட்கார வைத்துச் சொன்னார். மெல்லிய தோல் சீக்கிரம் வரலாம். காது மூக்கில் இருக்கும் குருத்தெலும்பு வரலாம். மூத்திரப்பை மாதிரி வெறும் பைகளைச் சிலருக்கு வளர்த்துப் பொருத்தியும் இருக்கிறார்கள். சிறுநீரகம் அப்படியில்லை. உருவத்தை அச்சடிப்பது பெரிய காரியமல்ல, அதற்குள் லட்சக்கணக்கில் வடிகட்டும் முடிச்சுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மயிரைவிட மெல்லிய ரத்தக்குழாய் போக வேண்டும். நகத்தின் கனத்துக்கு மேலே அடுக்கினாலே நடுவில் உள்ளவை மூச்சு முட்டிச் செத்துப்போகின்றன. "எங்களுக்குக் கட்டத் தெரியும், சோறு போடத் தெரியாது" என்றார். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். வெளியில் கேட்பவர்களுக்குப் பத்து வருடம் என்போம் என்றார். உன் அக்காவுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். நான் டப்பாவை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே ரத்த வகை. என்னுடையது இங்கே ஒருமுறை ரத்தம் கொடுத்தபோது தெரிந்தது, அவளுடையதை மச்சான் சொல்லியிருந்தார். ஊருக்குப் போய் என்னுடையதில் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன், கம்பெனி நீண்ட விடுமுறை தர மறுத்தது. அதனால்தான் சாவியை வைத்துவிட்டு நடந்தேன்.

வெளிநாட்டார் அலுவலகத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வதிவிட அனுமதி போய்விடும் என்று அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். மகள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். பிறகு, "சுகமாத் திரும்பி வரட்டாம்" என்று சேர்த்துக்கொண்டாள். அதிகாரி அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று விளங்குமளவுக்கு எனக்கு ஜெர்மன் வரும். நான் அதிகாரிக்கு நன்றி சொன்னேன்.

 பெட்டி கட்டும்போது மனைவி சொன்னாள். "போறதெண்டாப் போங்கோ. ஆனா முழுசாத் திரும்பி வாங்கோ."

"அதுதான முடியாது" என்றேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

5

இந்த விஷயத்தைப் பற்றி நான் பலதடவை யோசித்ததுண்டு. நான் படித்தவன் இல்லை, அந்த அறையைத் துடைத்தவன். அதனால் எனக்குத் தெரிந்த அளவில்தான் சொல்கிறேன்.

ஒருநாள் இது வரும் என்றே நினைக்கிறேன். மூடி கழன்ற பிரிண்டரை வைத்துக்கொண்டு வளையம் அடித்தவர்கள் சும்மா விட்டுவிடுகிற ஆட்கள் இல்லை. தீயில் வெந்தவனுக்குத் தோல் முதலில் வரும். மருந்துகளை மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக அச்சடித்த ஈரல் துண்டில் ஊற்றிப் பார்ப்பார்கள். அதுவே பெரிய உபகாரம். முழுச் சிறுநீரகம், முழு இருதயம் கடைசியில்தான் வரும். வந்தாலும் நேராக மனிதனுக்குள் வைக்க விடமாட்டார்கள், வருடக்கணக்கில் சோதிப்பார்கள், சோதிக்கவும் வேண்டும். அதற்குப் பிறகும் அது முதலில் எந்த ஊருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பதுளைக்குப் போகிற பஸ்ஸில் அது கடைசி ஆளாகத்தான் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. சொந்த உடம்பின் அணுவில் செய்தால் உடம்பு அதை வெளியே தள்ளாது, யாரையும் வெட்டத் தேவையில்லை, யாருடைய வறுமையையும் விலைபேசத் தேவையில்லை. இதுதான் இதிலுள்ள பெரிய நன்மை. ஒரு அண்ணன் தம்பியிடமோ, ஒரு புருஷன் பெண்டாட்டியிடமோ கேட்க வேண்டிய அந்தக் கேள்வியே இல்லாமல் போகும். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. கொடுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

6

லுணுகலையில் இறங்கி நேராக நர்சரிக்குப் போனேன். மச்சான் வலைப்பந்தலுக்குக் கீழே குந்தியிருந்து துண்டு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என் கைகளைத்தான் பார்த்தார். அவர் எதிர்பார்த்த கண்ணாடிப் பெட்டி எதுவும் அதில் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை. சாய்வாக ஒரு வெட்டு, பையில் ஒரு குத்து, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார்.

"கிட்டத்தட்டன்னு நீதான மாப்ள சொன்ன" என்றார் கடைசியில்.

"ஆமா மச்சான்."

"எங்க நர்சரியில கிட்டத்தட்டன்னா நூத்துக்குத் தொண்ணூறு புடிக்கும்." கத்தியைத் துடைத்து வைத்தார். "அப்ப தாய்ச்செடியே போயிரும்ங்கிற."

"போகாது. அதுக்குத்தான் வந்திருக்கேன். எங்கிட்ட ரெண்டு இருக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மண்ணைப் பார்த்தார். "எப்பிடி மாப்ள ஒன்னக் கேக்குறது" என்று முனகினார். இத்தனை நாள் அவரை அந்தக் கன்றுக் கதையில் பிடித்து வைத்திருந்தது எது என்று அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

தோட்டத்து லயத்தில், அவர்கள் குடியிருந்த காம்பரா அறையில், அக்கா கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். பாதம் இரண்டும் ஊதிப் பளபளத்தன. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள், மருந்து மூடியில் ஊற்றிய தேத்தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள். டப்பாவில் சிறுநீரகம் வளராது என்றும், என்னுடையதில் ஒன்றைத் தர வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தேயிலக் கன்னு வளரவே ஒரு வருசம் ஆகுது. மனுசனோட குண்டிக்காய டப்பாவுல வளத்துருவாங்களாக்கும். நான் என்ன கூமுட்டையா?"

"அப்ப ஏன் நகத்த வெட்டிக் குடுத்த?"

"ஒங்க மச்சான் கேட்டாரு. குடுத்தேன். அன்னைக்குத்தான் மனுசன் நல்லாத் தூங்குனாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் தோதுதான். ஜெர்மனியில வளருதுன்னு சொல்ற வரைக்கும் ஒன்னய வெட்டணும்னு எவனும் கேக்க மாட்டான்ல."

நான் கோபப்பட்டேன். நீ செத்துப்போவாய் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். போனா போறேன் என்றாள். ஒரு சிறுநீரகத்தோடு ஆட்கள் நன்றாக வாழ்கிறார்கள், டொக்டரே சொல்கிறார் என்று விளக்கினேன்.

"டொக்டர் சொல்றது ஒக்காந்து வேல செய்யிறவனுக்கு. நீ ஒரு எடத்துல ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு வெட்டுவாங்க, அடுத்த மாசம் எங்கயோ போயி மூட்ட தூக்குவ. ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு எந்த ஊர்ல விழுந்து கெடப்பியோ. ஒன் உசுர வாங்கிக்கிட்டு நான் இங்க கொழுந்து எடுக்கணுமா?"

"ஒக்காந்து செய்யிற வேல பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறேன்னா? நான் நாளைக்கு மெசினுக்குப் பதுளைக்கு வர்றேன். அங்க வேலையோட ஒக்காந்து காட்டு. அப்புறம் பேசலாம்."

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னாள். மச்சான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 

7

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். பேக்கரியில் என்னோடு மாவு பிசைந்த நிமால் இப்போது தனியார் பஸ் சங்கத்தில் பெரிய ஆள். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டதால் அவர் உட்காரும் கூண்டு காலியாக இருந்தது. பலகையடித்த ஒரு கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு மைக். வருகிற பஸ்ஸை வரிசையில் நிறுத்தி, நேரம் வந்ததும் பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டும். மூத்திரத்துக்கு மட்டும்தான் எழும்பலாம். நீ மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி ஓடிவிடுவாய் என்று நிமால் சிங்களத்தில் சொன்னான். நான் உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் முழங்கால் தானாக ஆடியது. பசறை பஸ், வெலிமடை பஸ், பண்டாரவளை பஸ் என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒவ்வொன்றும் போகும்போது உடம்பு கொஞ்சம் அதோடு போய்வந்தது.

லுணுகலை பஸ் வந்து நின்றது. மச்சான் முதலில் இறங்கி, கைலாகு கொடுத்து அக்காவை இறக்கினார். படிக்கட்டு உயரம். ஊதிய கால் தரையைத் தேடி எட்டாமல் தொங்கியது. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நான் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழும்பப் போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அந்தத் தொங்கலிலேயே கையை நீட்டினாள்.

"எந்திரிக்காத."

உட்கார்ந்தேன். அவள் தானாகவே இறங்கினாள். கூண்டுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள். நாற்காலியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சாயங்காலம் வரைக்குமா?"

"தெனமும்" என்றேன். "ஆபரேஷன் முடிஞ்சு நான் திரும்பிப் போற வரைக்கும். அங்கயும் இப்பிடித்தான், ஒக்காந்துதான்."

அவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "டொக்டர்கிட்ட சொல்லுங்க. தம்பிக்கு டெஸ்ட் எடுக்கட்டும்."

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பக்கம் மெதுவாக நடந்தார்கள். அவள் தோள் ஆட்கள் கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற டிரைவர் ஹோர்ன் அடித்தான். நான் மைக்கை எடுத்து பசறை பஸ்ஸை அனுப்பினேன்.